இடமிருந்து இரண்டாவது குடை

போன வாரம் காபி குடிக்கலாமென்று நம் மரக்கட்டை அச்சுப் பட்டறைப் பக்கம் வந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வரில் ஒருவர் (யாரென்று சொல்லி மாட்டிவிட மாட்டேன்) கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் வெட்டட்டுமா?" என்று கேட்டார். அச்சடித்துக்கொண்டிருந்த மனோகர் கையை நிறுத்தினார். "எந்தப் பக்கம்?" என்றார். "இடது பக்கம்" என்று மறுபடியும் அதே பதில். மனோகர் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

நம் பட்டறையில் இடது, வலது கிடையாது. தெப்பக்குளத்தைச் செதுக்கினால் கோபுரப் பக்கம், பஸ் ஸ்டாண்டு பக்கம் என்போம். பாண்டி பஜாரென்றால் பார்க் பக்கம், மவுண்ட் ரோடு பக்கம். வேலையைத் தொடங்குமுன் அந்தப் படத்துக்கான இரண்டு பக்கப் பெயர்களையும் சுவரில் எழுதி ஒட்டிவிடுகிறோம். இதை ஏதோ ஜப்பானிய சம்பிரதாயமென்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஜப்பான்காரர்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது என்னால் வந்த வழக்கம். பெருமைக்குரிய விதத்தில் வந்ததும் இல்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, இனி சொன்னால் என்ன கெட்டுப்போகும் என்று எழுதுகிறேன். நேரில் வந்து பேசச் சொன்னார்கள். பேசினால் மனோகர் நடுநடுவே புகுந்து என் மானத்தை வாங்குவார் என்பதால் எழுத்தே மேல்.

முதலில் என்னைப் பற்றி. மரம் செதுக்குவதற்கு முன் தி.நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில், அப்பாவின் பித்தளை முத்திரைக் கடையில் இருபது வருடம் எழுத்து வெட்டினேன். கவர்களில் அரக்கை உருக்கி ஊற்றி மேலே அழுத்துவார்களே, அந்த முத்திரை. எழுத்தைத் தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவது போலப் புரட்டி வெட்ட வேண்டும். அதனால் புரண்ட தமிழை நேர்த் தமிழைவிட வேகமாக வாசிப்பேன். ஆட்டோவில் போகும்போது டிரைவரின் கண்ணாடியில் தெரியும் பஸ் போர்டைப் படித்து, பின்னால் எந்த பஸ் வருகிறது என்று சொல்லுவேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அரக்கு போய் பிளாஸ்டிக் சீல் வந்தது, கடையை மூடினோம். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. பித்தளைத் தூள் கண்ணில் விழாத வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அப்படித்தான் மயிலாப்பூருக்கு, இந்தப் பட்டறைக்கு வந்தேன். பட்டறையைத் தொடங்கிய மேடம் என்னை முதல் நாள் உட்கார வைத்து ஒரு மர டிராயரைத் திறந்தார். ஜப்பானில் மூன்று வருடம் இருந்து இந்த வேலையைக் கற்றவர், அங்கிருந்து கொண்டுவந்த மரக்கட்டை அச்சுப் படங்கள் அதில் இருந்தன. செர்ரிப் பூவும் மலையும் இருக்குமென்று நினைத்தேன். இருந்தவை ஊர்ப் படங்கள். மழையில் ஒரு இரும்புப் பாலம், ரயில்வே ஸ்டேஷன் வாசலில் குடைகள், கூரைகளுக்கு மேலே புகைபோக்கி, எங்கே பார்த்தாலும் கரண்ட் கம்பம்.

"என்ன மேடம், எல்லாப் படத்திலும் கம்பம் நிக்குது" என்றேன்.

"ஊர்ல கம்பம் நட்டா படத்துலயும் நடணும்" என்றார். "இதை வரைஞ்சவாளுக்குப் பழைய ஊரும் பிடிச்சிருக்கு, புது ஊரும் பிடிச்சிருக்கு. ரெண்டும் ஒரே தெருவுல நிக்கறதைப் பார்த்து சந்தோஷப்பட்டிருக்கா. நாமளும் அதைத்தான் பண்ணப்போறோம், சென்னைக்கு."

முதல் மாதத்தில் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெம்பாக இருக்கும். பித்தளை முத்திரையில் எழுத்தைத்தான் குழியாக வெட்டுவோம். மரக்கட்டையில் கோட்டை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதை வெட்ட வேண்டும். நான் பழக்க தோஷத்தில் கோடுகளையெல்லாம் மிக அழகாகக் குழி பறித்து வைத்தேன். அச்சடித்தால் கருப்புக் காகிதத்தில் வெள்ளைக் கோடாக அடையாறு பாலம் வந்தது. மேடம் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "சரி, இது ராத்திரி வேளை" என்று சொல்லி நாலு ஜன்னலுக்கு மஞ்சள் போட்டுவிட்டார். அந்தப் படம் இன்னும் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இதை யாரும் மன்னிக்கக்கூடிய தவறு என்பேன். இரண்டாவது அப்படிப்பட்டதல்ல.

அப்போது எனக்கு இங்கே ஆறு வருட அனுபவம். ஜப்பானிலிருந்து ஒரு குழு, மாறும் நகரங்களைக் காட்டும் பழைய அச்சுப் படங்களைக் கொண்டுவந்து அடையாறில் ஒரு கூடத்தில் கண்காட்சி வைக்கப்போவதாகவும், கடைசிச் சுவரில் நம் ஊர்ப் படம் ஒன்று, அதே முறையில் அச்சடித்து மாட்ட வேண்டும் என்றும் மேடத்திடம் கேட்டார்கள். ஒரே ஒரு படம். மேடம் நொச்சிக்குப்பத்துக் கடலோரச் சாலையைத் தேர்ந்தெடுத்தார். அங்கே பழைய ஹவுசிங் போர்டு கட்டடங்களை இடித்துப் புதிது கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி இடித்த சுவர், அதன் பின்னால் மஞ்சள் கிரேன், முன்னால் சாலையோரம் ஒரு கரண்ட் கம்பம், அதன் இரண்டு பக்கமும் குடை பிடித்து மீன் விற்கும் ஐந்து பெண்கள். டிராயரில் இருந்த மழைப் படங்களின் தங்கைப் படம் போல இருக்குமென்றார்.

படம் வரைய மேடத்தோடு நானும் போனேன். கடல் பக்கத்தில் நின்று வரைந்தோம்; எங்களுக்கு இடப் பக்கம் சர்ச், வலப் பக்கம் லைட் ஹவுஸ். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் குரல் கொடுத்தார்.

"இன்னாமா, ரெண்டு பேரும் காலைலேர்ந்து பாத்துக்கினே கீறீங்க. மீனு வாங்கற மாதிரி தெரிலியே."

அவர்தான் தேசம்மா. மற்ற நால்வருக்கும் நீலக் குடை, அவருக்கு மட்டும் ஏதோ குளிர்பானக் கம்பெனி கொடுத்த சிவப்புக் குடை. படம் வரைகிறோம், நீங்களும் அதில் உண்டு என்று மேடம் சொன்னதும் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப என்ன நல்லா போடு. பொங்கலு தாண்டினா நான் இங்க இருக்க மாட்டேன். முட்டி ரெண்டும் போயிட்ச்சு. நங்கநல்லூர்ல பொண்ணு வூட்டுக்குப் போறேன்." பிறகு திரும்பாமலே கட்டை விரலால் பின்னால் காட்டினார். "மேல பச்ச சொவுரு தெரிதா, ரெண்டாவது மாடி? அதான் என் வூடு. புது வூடு கட்டித் தராங்கோ, அதுல என் புள்ள இருப்பான். இந்த சொவுர இன்னும் ஒரு மாசத்துல இட்ச்சிருவாங்க. நாப்பது வருசமா இந்த சொவுத்துக்கு நேர் கீழதான் குந்திக்கினு கீறேன். படத்துலயும் அங்கதான் குந்தணும் நானு. இன்னா?"

சரி என்றோம். மேடம் கையில் அடித்துச் சத்தியம் கூடச் செய்தார், தேசம்மா கேட்டார் என்பதால். அடையாறில் மாட்டும்போது குப்பத்து ஜனம் மொத்தத்தையும் வேன் வைத்துக் கூட்டிவருவேன் என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பக்கத்துக் குடைகள் சிரித்தன.

கருப்புக் கோடுகளுக்கான கட்டையை நான் மூன்று வாரத்தில் செதுக்கினேன். மஞ்சக் கடம்பு மரம், வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். நிறங்களுக்குத் தனித்தனிக் கட்டைகள். சோதனை அச்சு எடுத்துக் கொடியில் காயப் போட்டோம். சனிக்கிழமை காட்சி தொடக்கம், செவ்வாய்க்கிழமை காலை அச்சு என்று முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் மேடம் அடையாறு கூடத்தில் ஜப்பானியப் படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார், மனோகர் காகிதம் வாங்கப் போயிருந்தார், நான் மட்டும் பட்டறையில். அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார்.

"இங்கதான மீன்காரிங்க படம் போடறது?" என்றார். உள்ளே வந்து கொடியில் தொங்கிய படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். இரண்டாவது குடையின் மேல் விரல் வைத்தார். "இது நான்தான், ஃபிலோமினா. என்ன எடுத்துடு யக்கா."

ஏன் என்று கேட்டேன்.

"நெஞ்சுல ஸ்டென்ட்டு வெச்சிகீது. வியாபாரத்துக்குப் போவக் கூடாதுன்னு மருமவ கண்டிஷனா சொல்லிட்ச்சு. நானும் வுட்டுட்டேன்னு சொல்லிட்டேன். தெனம் சர்ச்சு பூசைக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்துக்கினு கீறேன்."

"பொய் சொல்லிட்டா?"

"பூசைக்கும்தான் போறேன். ஆறு மணிப் பூச. ஆறே முக்காலுக்கு இங்க வந்துடுவேன்." கொஞ்சம் யோசித்தார். "மருமவ அடையார்லதான் வேல செய்யிது. நீங்க அங்க மாட்டினா பாத்துடும். என்ன எடுத்துடு. ஆனா என் எடத்துல வேற எவளையும் குந்த வெக்காத. காலியா வுடு."

முகம் மிளகளவு கூட இல்லை, அடையாளம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். தெரியும் என்றார். அவர் போனதும் மேடத்துக்கு போன் போட்டேன்.

"ஃபிலோமினாவா? இடமிருந்து ரெண்டாவது குடைதானே? எடுத்துடுங்கோ" என்றார். "ஒருத்தர் வேண்டாம்னா நாம யாரு அவாளைப் பிடிச்சு வெச்சுக்க? நான் இங்க பெட்டியெல்லாம் பிரிச்சுண்டிருக்கேன். காலம்பற அச்சு போடணும், இன்னிக்கே முடிச்சுடுங்கோ."

கட்டையை எடுத்தேன். கை பட்டு அழுக்காகக் கூடாது என்று வேலை செய்யும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மேல் பாதியைச் செய்தித்தாளால் மூடுவது என் வழக்கம். சுவரும் கிரேனும் மூடிக்கொண்டன. கண் முன்னே ஐந்து குடைகள், கட்டையில் நிறமும் கிடையாது, எல்லாம் ஒரே மாதிரி கோடுகள். இடமிருந்து இரண்டாவது. உளியை வைத்தேன். மூன்று வாரம் செதுக்கியதில் அந்த உருவம் மட்டும் ஒரு முழு நாள் வேலை. எடுக்க ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. உட்கார்ந்திருந்த இடத்தில் மீன் தட்டை மட்டும் விட்டேன், இடம் அவருடையது என்று தெரியட்டுமே என்று. செய்த வேலை எனக்கே பிடித்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் பூ கூட வாங்கினேன்.

நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். கட்டையில் படம் புரண்டிருக்கும். படத்தில் இடமிருந்து இரண்டாவது, கட்டையில் வலமிருந்து இரண்டாவது. எழுத்தாக இருந்தால் என் கண் தானே புரட்டிக்கொண்டிருக்கும், இருபது வருடப் பழக்கம். ஐந்து குடைகளில் புரட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஊரிலிருக்கும் பஸ் போர்டையெல்லாம் கண்ணாடியில் படித்துக் காட்டியவள், ஒன்று இரண்டு எண்ணுவதில் கோட்டை விட்டேன்.

மறுநாள் காலை மனோகர் கருப்பு அடித்தார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. சாம்பல் அடித்தார், பச்சை அடித்தார், நீலம் அடித்தார். நாலு நீலமும் நாலு குடையில் போய் உட்கார்ந்தன. ஃபிலோமினாவின் நீலக் கட்டையில் நான் இன்னும் கை வைக்கவில்லை, வெறும் தரையில் ஒரு நீலத் திட்டு விழும், பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தேன். விழவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிறகு சிவப்பு அடித்தார். பச்சைச் சுவருக்கு நேர் கீழே, ஆளில்லாத வெறும் சாலையில், கோடில்லாமல் ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது.

மனோகர் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். "அக்கா, யார தூக்கின நீ?"

ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். தேசம்மாவைத் தூக்கிவிட்டேன். படத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்டவரை எடுத்துவிட்டு, எடுக்கச் சொன்னவரை வைத்திருக்கிறேன். புதுக் கட்டை செதுக்க மூன்று வாரம் வேண்டும், கையில் நாலு நாள். மேடம் போனை எடுக்கவில்லை.

மனோகர் நல்லவர், எனக்காகத்தான் சொன்னார். "யக்கா, எல்லாம் ஒரே மாதிரிதான கீது. இந்தாண்ட கீற ஃபிலோமினா குடைக்கு செவப்பு அடிச்சிடு. அது தேசம்மா ஆயிடும். அந்தாண்ட காலியா கீறது ஃபிலோமினா எடம்னு சொல்லிக்கலாம். ரெண்டு பேருக்கும் கேட்டது கெட்ச்சாச்சு. எவனுக்குத் தெரியும்?"

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு கச்சிதமான வழி. ஒரு கோடு கூட வெட்ட வேண்டாம். நான் வேண்டாம் என்று சொன்னேன் என எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. அந்தக் குடையில் நீலமும் வெறும் இடத்தில் சிவப்பும் படாமல் ஒரு படம் அடித்து, தூரிகையால் அந்தக் குடைக்குச் சிவப்பு தீட்டச் சொன்னேன். காய்ந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து நொச்சிக்குப்பம் போனேன். தேசம்மாவிடம் காட்டுவோம், அவருக்கு வித்தியாசம் தெரியவில்லையென்றால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது என் கணக்கு. ஏமாற்றத்தான் போனேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். முகம் மலர்ந்தது. கிரேனைப் பார்த்துச் சிரித்தார், கம்பத்தைத் தொட்டுப் பார்த்தார். சிவப்புக் குடையைக் கண்டதும், "தோ கீறேன் நானு" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அவர் விரல் அங்கிருந்து மேலே போயிற்று. மேலே வெறும் வானம். விரல் நகர்ந்து நகர்ந்து, கம்பத்துக்கு அந்தப் பக்கம் பச்சைச் சுவரில் போய் நின்றது. அங்கிருந்து நேர் கீழே இறங்கியது. ஆளில்லாத தட்டில் வந்து நின்றது.

"இது ஃபிலோமினா எடம்" என்றார் சிவப்புக் குடையைக் காட்டி. குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "கம்பத்துக்கு சர்ச்சு பக்கம் அவ, லைட் ஹவுஸ் பக்கம் நானு. அவ எடத்துல நான் எப்டிமா குந்துவேன்? என் எடத்துல யாருமே இல்லியே. நான் போனப்பறம் போட்டியா படத்த?"

மீன் தண்ணீர் ஓடும் அந்தச் சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். ஃபிலோமினாவின் காரணத்தை மட்டும் சொல்லாமல், ஒருவரை எடுக்கப் போய் உங்களை எடுத்துவிட்டேன், குடைக்குச் சாயம் பூசி உங்களை ஏமாற்றப் பார்த்தேன் என்றேன். எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் நடுத்தெருவில் அழுவது அவ்வளவு நன்றாக இருக்காது. தேசம்மா மீனுக்கு மேல் தண்ணீர் தெளித்தார்.

"எட்த்தது நீதான? திரும்ப வெய்யி" என்றார். அவ்வளவுதான்.

மரத்தில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாதே. அங்கிருந்து நேராக அடையாறு கூடத்துக்குப் போனேன். மேடம் வெள்ளைக் கையுறையோடு நீள மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், சாயம் பூசியது உட்பட. மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவாளுக்குத் தெரிஞ்சுதே, நல்லவேளை" என்றார். பிறகு, "கட்டை உடைஞ்சு போயிடலையே?"

"இல்லை மேடம்."

"இங்க வாங்கோ."

மேஜையில் கிடந்த படங்களில் ஒன்றின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். ஆற்றங்கரைத் தெரு, மழை, குடையோடு இரண்டு பேர், வரிசையாகக் கரண்ட் கம்பங்கள். "இந்தக் கம்பத்தைச் சுத்திப் பாருங்கோ" என்றார். முடி இழையை விட மெல்லிதாக, கம்பத்தைச் சுற்றி ஒரு நீளக் கட்டம் தெரிந்தது. மழைக் கோடுகள் அந்த இழையில் வந்து ஒரு கணம் விட்டு மறுபடி தொடர்ந்தன.

"கட்டையை முதல்ல வெட்டினப்போ கம்பம் இருந்திருக்காது. அப்புறம் ஊருக்குக் கரண்ட் வந்துடுத்து. அந்த இடத்தை மட்டும் சதுரமா நோண்டி எடுத்துட்டு, வேற துண்டு மரத்தை அடிச்சு வெச்சு, அதுல கம்பத்தை வெட்டிருக்கா. ஊர் மாறினா கட்டையும் மாறணுமே." கண்ணாடியை என் கையில் கொடுத்தார். "உங்களுக்கு மூணு நாள் இருக்கு. வராட்டா கடைசிச் சுவர் காலியா இருக்கட்டும். அந்தம்மா இல்லாம அடிக்க வேண்டாம்."

டிராயரில் இருந்த படங்களை ஆறு வருடம் பார்த்திருக்கிறேன். அழகைப் பார்த்தேன், கம்பத்தைப் பார்த்துக் கேலி செய்தேன். ஒட்டுப் போட்ட இடத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

கட்டையில் தேசம்மா இருந்த இடத்தை ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சதுரமாகக் குழி வெட்டினேன். அதே மரத்தில் ஒரு துண்டை இழைத்து இழைத்துப் பொருத்தி அடித்தேன். பழைய சோதனை அச்சில் தேசம்மா முழுசாக இருந்தாரே, அதிலிருந்து அவரை மட்டும் வெட்டியெடுத்து, முகம் கீழே இருக்கும்படி அந்தத் துண்டின் மேல் ஒட்டி, கோடு பார்த்துச் செதுக்கினேன். செய்தித்தாள் போட்டு மூடவில்லை. சுவர், கிரேன், எல்லாம் கண் முன்னே இருந்தன. ஃபிலோமினாவை எடுக்கும் முறை வந்தபோது மனோகரையும் மேடத்தையும் கூப்பிட்டு, மூன்று பேரும் கட்டையில் விரலை வைத்து, "சர்ச் பக்கம் இரண்டாவது" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உளியைத் தொட்டேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த வழக்கம். கேட்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை அச்சு. முதல் பத்து பிரதிகள் சுத்தமாக வந்தன. பிறகு ஈரத்தில் அந்தப் புதுத் துண்டு ஊதிக்கொண்டு அதன் விளிம்பு மயிரிழை மேலே எழும்பிவிட்டது. தேசம்மாவைச் சுற்றி நாலு பக்கமும் மெல்லிய கருப்புக் கோடு விழ ஆரம்பித்தது. விளிம்பைச் சீவிவிடலாமா என்று மனோகர் கேட்டார். ஈர மரத்தில் கத்தி வைத்தால் பிளக்கும், பிளந்தால் தேசம்மா இரண்டாம் முறையும் போவார். அன்று காலையில் எனக்கு உளியை எடுக்கத்தான் அவ்வளவு ஆசையாக இருந்தது. எடுக்கவில்லை. கோடு விழட்டும், காய்ந்த பிறகு அடுத்த அச்சுக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். காட்சிக்கு மேடம் தேர்ந்தெடுத்தது நிறங்கள் நன்றாக அமைந்த பிரதி. அதில் கோடு இருந்தது.

சனிக்கிழமை தேசம்மா சொன்னபடியே வேன் வைத்துக்கொண்டு வந்தார். கூடத்தில் மல்லிகை வாசனையும் சத்தமும் நிறைந்தன. ஜப்பானியப் படங்களை அவர்கள் பார்த்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. மழைப் பாலத்தின் முன்னால் நின்று, இந்த மழையில் கட்டுமரம் இறக்கலாமா கூடாதா என்று இரண்டு ஆண்கள் வாதம் செய்தார்கள். ஃபிலோமினாவும் வந்திருந்தார், பக்கத்தில் மருமகள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

மருமகள் நம் படத்தைப் பார்த்து, தட்டு மட்டும் இருக்கும் இடத்தைக் காட்டி, "இங்க மட்டும் ஏன் அத்த யாரும் இல்ல?" என்றார்.

"பூசைக்குப் போயிருப்பா" என்றார் ஃபிலோமினா.

"ஆமா" என்றார் மருமகள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆறு மணிப் பூச. ஆறே முக்காலுக்கு வந்துடுவாங்க."

ஃபிலோமினா வேறு படம் பார்க்கப் போய்விட்டார்.

தேசம்மா கடைசியாக வந்தார், முட்டி வலியோடு, மகளைப் பிடித்துக்கொண்டு. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் விரல் முதலில் பச்சைச் சுவருக்குப் போயிற்று. அந்தச் சுவரை முந்தின நாள்தான் இடித்திருந்தார்கள். சுவரிலிருந்து நேர் கீழே இறங்கி, சிவப்புக் குடையில் வந்து நின்றது. அப்படியே நின்றது. பிறகு அவருக்கு அந்தக் கோடு கண்ணில் பட்டது.

"இது இன்னாமா, எனக்கு மட்டும் நாலு பக்கமும் கோடு?"

திரும்ப வைத்ததால் விழுந்த கோடு, அடுத்த முறை எடுத்துவிடுகிறேன் என்றேன். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் மகளைக் கூப்பிட்டு, அந்தச் சின்னச் சதுரத்தின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எடுக்காத. நாப்பது வருசம் குந்தினேன், எவனும் எனக்குப் பட்டா குடுக்கல. நீ அளந்து கல்லு நட்டுக் குடுத்துகீற."

அந்தக் கட்டை மேல் தட்டில் மூன்றாவதாக இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அச்சடித்துவிட்டோம், விளிம்பில் யாரும் கத்தி வைத்ததில்லை. உங்களில் யாருக்காவது அதைப் பார்த்து, தப்பு விழுந்திருக்கிறதே, சீவிவிடலாமா என்று கை பரபரத்தால் தயவுசெய்து வேண்டாம். லைட் ஹவுஸ் பக்கம் இரண்டாவது. அது தேசம்மாவின் இடம்.